கூட்டாக இருக்கும்போது மட்டும் விறைப்பு வராதது ஏன், என்ன செய்யலாம்?

"துணையோடு தனியாக இருக்கும்போது எந்தக் குறையும் இல்லை. இருவரும் பேசி முடிவெடுத்து, இன்னொரு ஜோடியோடு சேர்ந்து இருந்தோம். முதல் முறை விறைப்பு பாதியில் போய்விட்டது. இரண்டாம் முறை வரவே இல்லை. ஆசை நிறைய இருந்தும் உடம்பு கேட்கவில்லை. இது நோயா? அடுத்த முறை மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நோயா என்பதை முதலில் பார்த்துவிடலாம். காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? சுய இன்பத்தின்போது முழுதாக வருகிறதா? துணையோடு தனியாக இருக்கும்போது நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் உங்கள் ரத்தக் குழாயும் நரம்பும் ஹார்மோனும் தத்தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் ஓர் இரவில் 3 முதல் 5 முறை விறைப்பு வந்து போகும், பெரும்பாலும் கனவு வரும் தூக்கக் கட்டங்களில். காலையில் தெரிவது அதில் கடைசியாக வந்தது. தூங்கும் மனிதனுக்குப் பார்க்க ஆளில்லை, நிரூபிக்க ஒன்றுமில்லை. அங்கே சரியாக வருவது, நாலு பேர் இருக்கும் அறையில் வரவில்லை என்றால் கோளாறு உறுப்பில் இல்லை, சூழலில் இருக்கிறது.

காலை விறைப்பும் குறைந்துவிட்டது, தனியாக இருந்தாலும் முழுதாக வருவதில்லை, சில மாதங்களாகவே இப்படித்தான் என்றால் கதை வேறு. கூட்டு உறவுக்கான யோசனைகளை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஆண்குறிக்குப் போகும் தமனி 1 முதல் 2 மி.மீ. அகலம்தான். இதயத்தின் தமனி 3 முதல் 4 மி.மீ. இருக்கும். அடைப்பு சேரத் தொடங்கினால் குறுகிய குழாயில்தான் முதலில் தெரியும். அதனால் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, காலை நேரத்தில் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும்கூட விறைப்பைக் குறைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடமே மாற்று கேளுங்கள்.

இனி உங்கள் சிக்கல். விறைப்பு என்பது தசை இறுகுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தசை தளர்வது. குறியின் உள்ளே பஞ்சு போன்ற திசுவில் இருக்கும் மென்தசைகள் சாதாரண நேரத்தில் இறுகியே இருக்கும். மனம் அமைதியாகக் கிளர்ச்சியடையும்போது தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஓய்வுக்கால நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்கின்றன. தசை தளர்கிறது, ரத்தம் நிறைகிறது, நிறைந்த திசு வெளியேறும் சிரைகளை நசுக்கி ரத்தத்தை உள்ளேயே பூட்டிவைக்கிறது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரீனலினும் நார்அட்ரீனலினும் அதே மென்தசைகளை மறுபடி இறுக்குகின்றன. பூட்டு திறந்துவிடும், ரத்தம் வடிந்துவிடும். ஓடவும் சண்டையிடவும் உடம்பு தயாராகும் நேரத்தில் ரத்தம் தொடைக்கும் தோளுக்கும் போகத்தான் செய்யும். "முயற்சி செய்" என்று மனத்துக்குள் எவ்வளவு கத்துகிறோமோ, அவ்வளவு வேகமாக அது போகும். கையைத் தூக்குவதுபோல விறைப்பைத் தூக்க முடியாது.

ஆனால் பயம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1980களில் டேவிட் பார்லோவும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளில், மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரிக்கப்பட்ட நிலையிலும், பாலியல் சிக்கல் இல்லாத ஆண்களுக்குக் கிளர்ச்சி கூடியதே தவிரக் குறையவில்லை. ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்களிடம் வேறுபட்டது கவனம். அவர்கள் கவனம் இன்பத்தைவிட்டு, "எவ்வளவு வந்திருக்கிறது, போதுமா, போய்விடுமா" என்ற கணக்கில் இருந்தது. வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: படுக்கையில் இருப்பவனே பார்வையாளனாகவும் ஆகிவிடுவது.

அந்தக் கணத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். ஒரு கை உங்கள் முதுகில் இருக்கிறது. அந்தக் கையின் சூடு, விரல் போகும் திசை உங்களுக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் மற்றவர் முனகும் சத்தம் கேட்கிறது. "அவனுக்கு இவ்வளவு நேரம் நிற்கிறதே" என்று ஒரு எண்ணம். கண் கீழே போகிறது. பார்க்கிறீர்கள். முன்பைவிடக் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கிறது. மூச்சு நிற்கிறது. பிட்டமும் தொடையும் இறுகுகின்றன. இப்போது முதுகில் இருக்கும் கை உங்களுக்குத் தெரியவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது, கவனம் மட்டும் போய்விட்டது. இதெல்லாம் ஐந்து வினாடிக்குள் நடக்கும். சரிசெய்ய வேண்டிய இடம் இந்த ஐந்து வினாடிதான்.

கூட்டாக இருக்கும்போது இது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? மற்றவர் முன்னிலையில் நன்கு பழகிய காரியம் இன்னும் நன்றாக வரும், பழகாத காரியம் சொதப்பும் என்று ராபர்ட் சயோன்ஸ் 1965இல் எடுத்துக்காட்டினார். துணையோடு தனியாக இருப்பது உங்களுக்குப் பழகியது. நாலு பேர் நடுவில் இருப்பது பழகவே இல்லாதது. விறைப்பும்கூட வேண்டாம், சிறுநீர் கழிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் வெளியான ஓர் ஆய்வில், பொதுக் கழிப்பறையில் பக்கத்தில் யாரும் இல்லாதபோது சராசரி 4.9 வினாடியில் சிறுநீர் வரத் தொடங்கியது. பக்கத்திலேயே ஒருவர் நின்றபோது அது 8.4 வினாடி ஆனது. ஆண்களை அவர்களுக்குத் தெரியாமலே கவனித்த ஆய்வு அது, அந்த முறையை ஏற்க முடியாதுதான். ஆனாலும் அது காட்டிய விஷயம் எந்த ஆணுக்கும் அனுபவத்தில் தெரியும்: இடுப்புக்குக் கீழே உள்ள தசைகள், பக்கத்தில் ஆள் இருந்தால் நம்மைக் கேட்காமலே இறுகுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. பாலியல் ஆய்வுக்கான கின்ஸி நிறுவனத்தில் ஜான் பேன்கிராஃப்டும் எரிக் யான்சனும் உருவாக்கிய விளக்கத்தின்படி, பாலுணர்வுக்கு ஒரு முடுக்கியும் பிரேக்கும் தனித்தனியாக இருக்கின்றன. பிரேக்கிலும் இரண்டு வகை. ஒன்று, "என்னால் முடியாமல் போய்விடுமோ" என்ற பயம். மற்றொன்று, "இதனால் பின்னால் ஏதாவது வருமோ" என்ற பயம்: தொற்று, கர்ப்பம், யாருக்காவது தெரிந்துவிடுவது, துணை மனம் வருந்துவது. கூட்டு உறவில் இந்த இரண்டாவது பிரேக் பலமாக அழுத்தப்பட்டிருக்கும். முடுக்கியும் முழுதாக அழுத்தப்பட்டிருப்பதால்தான் ஆசை பொங்கிக்கொண்டிருக்கும்போதே உடம்பு நின்றுவிடுகிறது. முடுக்கியை இன்னும் மிதித்துப் பயனில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும், அதைப் பெரும்பாலும் அந்த அறைக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டியிருக்கிறது.

போவதற்கு முன்

துணையோடு உட்கார்ந்து, எது சரி எது வேண்டாம் என்பதைப் பொதுவாக அல்லாமல் குறிப்பாகப் பேசிவிடுங்கள். முத்தம் சரியா? யார் யாரோடு, எந்த அளவுக்கு? ஒருவர் போதும் என்றால் இருவரும் கிளம்பிவிடுவதா? அதற்கு என்ன சொல்? "துணை இப்போது என்ன நினைக்கிறாளோ" என்று அறையில் உட்கார்ந்து யோசிக்கும் ஆணுக்கு விறைப்பு நிற்காது. பதில் முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி எழாது. மற்ற ஜோடியோடும் இதே பேச்சு வேண்டும். அங்கே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "புது இடத்தில் எனக்கு உடம்பு ஒத்துழைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், சில நாள் ஒத்துழைக்காமலும் போகும்." இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். ஆனால் மறைக்க வேண்டியது இருக்கும்வரைதான் பதற்றத்துக்கு வேலை. சொல்லிவிட்ட பிறகு அது வந்தாலும் யாருக்கும் அதிர்ச்சியில்லை, உங்களுக்கும் இல்லை.

தொற்றுப் பரிசோதனையை எல்லோரும் செய்து, முடிவைக் காட்டிக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை (கிருமியின் கூறையும் அதற்கான எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும்) எச்.ஐ.வி. பரிசோதனை, கடைசியாக ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து 45 நாள் கழித்துச் செய்தால்தான் உறுதியாகச் சொல்லும். ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்று), எச்.பி.வி. (பிறப்புறுப்பில் மருவும் சில புற்றுநோய்களும் தரும் கிருமி) தடுப்பூசிகள் போடாதிருந்தால் போட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் உடல்நலத்துக்குத்தானே என்று தோன்றும். விறைப்புக்கும்தான். இரண்டாவது பிரேக் தளர்வது இங்கே.

பயிற்சி ஒன்று, இதை யாரும் தவிர்க்க வேண்டாம். விறைப்பு ஒருமுறை போனால் திரும்பாது என்பதுதான் ஆண்களின் ஆழமான பயம். அது பொய் என்று உடம்புக்குக் காட்ட வேண்டும். தனியாக, 20 நிமிடம் ஒதுக்கி, கையால் முழு விறைப்புக்குக் கொண்டுவாருங்கள். கையை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள், முழுதாகத் தளரட்டும். மறுபடி தொடங்குங்கள். ஓர் அமர்வில் மூன்று முறை இப்படி ஏறி இறங்கட்டும். வாரம் மூன்று நாள், இரண்டு வாரம். பிறகு இதையே துணையின் கையால். இதில் அவசரப்பட்டு மூன்றாவது இறக்கத்தைத் தவிர்த்து முடித்துவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பயிற்சியே வீண், ஏனென்றால் இறங்குவதுதான் இங்கே பாடம்.

அடுத்தது, சூழலைத் தவணை முறையில் பழக்குவது. எடுத்த எடுப்பில் நாலு பேரும் எல்லாமும் என்று போவது, நீச்சல் தெரியாதவன் ஆழத்தில் குதிப்பது போல. முதலில் வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு துணையோடு. பிறகு, எல்லோரும் சம்மதித்தால், ஒரே வீட்டில் இரு ஜோடிகளும் தனித்தனி அறையில், கதவு ஒருக்களித்தபடி. பிறகு ஒரே அறையில், ஆனால் அவரவர் துணையோடு மட்டும், அதிலும் முதல் நாள் தொடுதல் மட்டும். பிறகு ஒரே அறையில் அவரவர் துணையோடு முழுதாக. அதன் பிறகுதான் கை மாறுவது. ஒவ்வொரு படியிலும் பதற்றத்துக்கு 10க்கு மதிப்பெண் போடுங்கள். 3க்கு இறங்கும்வரை அதே படியில் இருங்கள். ஒருவருக்கு இது இரண்டு சந்திப்பில் முடியும், இன்னொருவருக்கு ஏழெட்டு ஆகும். படி தாவினால் மறுபடி தோல்வி, அந்தத் தோல்வி அடுத்த முறைக்கு முன்கூட்டியே பயத்தைக் கொண்டுவரும்.

அறையில்

முதல் அரை மணி நேரத்துக்கு விறைப்பு தேவைப்படாத காரியங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முத்தம், உடம்பு நீவிவிடுதல், கையும் வாயும். இதை முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பது நல்லது. வந்தாலும் பயன்படுத்தாதீர்கள். "வந்துவிட்டது, போவதற்குள் உள்ளே" என்று ஓடுவதுதான் பெரிய தவறு, அந்த ஓட்டத்திலேயே அது போய்விடும். ஒருமுறை வந்து, போய், மறுபடி வந்த பிறகு உறவுக்குப் போனால், உடம்பு வீட்டில் பழகிய பாடத்தை இங்கேயும் நினைவில் வைத்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒருவர். அறையில் மூன்று பேர் இருந்தாலும் உங்கள் கவனம் ஒரே உடலின் ஒரே இடத்தில் இருக்கட்டும். கையில் படும் தோலின் சூடு, வாசனை, மூச்சின் வேகம் என்று தொட்டறியக்கூடியதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற ஜோடியைப் பார்ப்பது கிளர்ச்சி தந்தால் பாருங்கள். ஒப்பிடத் தொடங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கு முதுகு காட்டித் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். இப்படி இடத்தை மாற்றுவது எளிதான, ஆனால் நன்றாக வேலை செய்யும் வழி. கூட்டு உறவு என்றாலே நினைவுக்கு வருவது ஆபாசப் படக் காட்சிகள்தான். அவை வெட்டி ஒட்டியவை, மாத்திரையும் குறியில் நேரடியாகப் போடும் ஊசியும் உதவியவை. சாதாரண வாழ்க்கையின் அளவு வேறு: ஐந்து நாடுகளில் 500 ஜோடிகள் கடிகாரம் வைத்து அளந்து, 2005இல் வெளியான ஆய்வில், உள்ளே நுழைந்ததிலிருந்து விந்து வரும்வரை ஆன இடைநிலை நேரம் 5.4 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு.

விறைப்பு போகத் தொடங்கினால்? கண்ணைக் கீழே கொண்டுபோகாதீர்கள், கையால் வேகமாக ஆட்டி எழுப்ப முயலாதீர்கள். மூக்கால் 4 வினாடி இழுத்து, வாயால் 6 வினாடி மெதுவாக விடுங்கள். பத்து மூச்சு, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. விடும்போது அடிவயிற்றையும், சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது தளருமே அந்தத் தசையையும் தளர விடுங்கள். முட்டி போட்டு நிற்கிறீர்கள் என்றால் படுத்துவிடுங்கள், தொடையும் பிட்டமும் இறுகியிருக்கும் நிலையில் அந்தத் தசை தளராது. பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "கொஞ்ச நேரம் கையும் வாயும் போதும், அது வரும்போது வரட்டும்." சொல்லிவிட்டு உங்கள் கவனத்தை அடுத்தவரின் இன்பத்துக்குக் கொண்டுபோங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் அவர்கள் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அறை முழுவதும் உங்கள் குறியைப் பற்றிய பேச்சாகிவிடும். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதும் சரியே. தனியாகக் குளியலறைக்குப் போய் எழுப்பிக்கொண்டு ஓடிவருவது மட்டும் வேண்டாம், வழியிலேயே போய்விடும்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பரவாயில்லை" என்று ஒருமுறை சொன்னால் ஆறுதல், நாலு முறை சொன்னால் விசாரணை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவனுக்கு "உதவி" செய்ய இறங்குவது நல்லெண்ணம்தான், ஆனால் அதைவிட அழுத்தம் தருவது வேறில்லை. கையை அவன் மார்புக்கோ தலைக்கோ கொண்டுபோய்விட்டு, நடப்பதைத் தொடருங்கள்.

காண்டம் மாற்றும் அந்த நேரம்

கூட்டு உறவில் விறைப்பு போகும் இடங்களை எண்ணினால் முதலில் நிற்பது இதுதான். ஆள் மாறும்போதெல்லாம் காண்டம் மாற்ற வேண்டும், மலவாயிலிருந்து யோனிக்குப் போகும்போதும் மாற்ற வேண்டும். அதாவது ஓர் இரவில் நாலைந்து முறை கிளர்ச்சி நின்று, கை வழுக்கி, உறை கிழியாமல், இருட்டில் எந்தப் பக்கம் சுருள் என்று தேடி... இப்படித் தூண்டுதல் நின்றுபோனால் எந்த ஆணுக்கும் தளரத் தொடங்கலாம். இதைக் குறைக்க முடியும். ஐந்தாறு பாக்கெட்டுகளைக் கை எட்டும் இடத்தில் ஒரு கிண்ணத்தில் போட்டுவையுங்கள். பக்கத்தில் துடைக்கத் துணி, மூடி திறந்த ஜெல். சுருளின் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, நுனியின் உள்ளே ஒரே ஒரு சொட்டு ஜெல் விட்டு, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்டுங்கள். உள்ளே விடும் சொட்டு உணர்வைக் கூட்டும், ஆனால் அதிகமானால் கழன்றுவிடும். ஜெல் தண்ணீர் சார்ந்ததாகவோ சிலிகான் சார்ந்ததாகவோ இருக்கட்டும். எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸைக் கெடுத்துவிடும். மாட்டுவதை மற்றவரிடம் விட்டுவிட்டால் இன்னும் நல்லது, தூண்டுதல் நிற்காது. தனியாக இருக்கும்போது, அரை இருட்டில், பத்து முறை மாட்டிப் பழகுங்கள்.

அளவும் முக்கியம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அகலம் தட்டையாக வைத்த அகலம். சாதாரணமானது 53 மி.மீ. அடிப்பகுதியின் சுற்றளவை நூலால் அளந்து, மி.மீ. கணக்கை 2.25ஆல் வகுத்தால் உங்களுக்கு ஏற்ற அகலம் ஏறத்தாழத் தெரியும். சுற்றளவு 12 செ.மீ. என்றால் 53 சரி, 13 செ.மீ. என்றால் 57 பக்கம் தேடுங்கள். இறுக்கமான உறை உணர்வை மரக்கச் செய்யும், தளர்ந்தது கழன்று பயமுறுத்தும்.

விறைப்பு போய்விடும் என்ற பயத்தில் "இந்த ஒருமுறை காண்டம் இல்லாமல்" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி விறைப்போடு உறை போட்டுத் திணிப்பதும் நடக்கிறது, அது உள்ளேயே கழன்றுவிடும். இரண்டும் வேண்டாம். தளர்ந்தால் அடிப்பகுதியைப் பிடித்தபடி வெளியே எடுத்து, உறையைப் போட்டுவிட்டு, கைக்கும் வாய்க்கும் திரும்புங்கள். அடுத்த விறைப்புக்குப் புது உறை.

மாத்திரை

உதவும், ஆனால் பாதி வேலையைத்தான் செய்யும். சில்டெனாஃபில், டடாலாஃபில் இரண்டும் தளர்ந்த தசை தளர்ந்தே இருக்க உதவுகின்றன. தளரச் சொல்லும் கட்டளை மனத்திலிருந்துதான் வர வேண்டும். கிளர்ச்சி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது, கடும் பதற்றத்தில் 100 மி.கி. போட்டும் வராமல் போகும். போட்டும் வரவில்லையே என்று இரட்டிப்பாகப் பதறுவதும் இதனால்தான்.

சில்டெனாஃபில் 1998இலிருந்து இருக்கிறது. வழக்கமாக 50 மி.கி.யில் தொடங்கி, 25க்கோ 100க்கோ மருத்துவர் மாற்றுவார். உறவுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம் முன் போட வேண்டும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் உச்சத்துக்கு வர இன்னும் 1 மணி நேரம் தள்ளும். கூட்டுச் சந்திப்பில் எப்போது எது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு பதற்றம்தான். அதனால் 36 மணி நேரம் வரை பலன் இருக்கும், சாப்பாடும் தடையாகாத டடாலாஃபில் 10 மி.கி. இங்கே பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. எதுவானாலும் நாளுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. முதல் மாத்திரையை அந்த இரவில் போடாதீர்கள், வீட்டில் துணையோடு ஓரிரு முறை போட்டுப் பாருங்கள். தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, டடாலாஃபிலில் முதுகுவலி ஆகியவை வருமா என்று தெரிந்துவிடும்.

இப்போது சொல்வதை மறக்கவே கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். இத்தகைய கூடல்களில் சிலர் முகர்ந்து பார்க்கும் பாப்பர்ஸ் என்ற குப்பி இருக்கிறதே, அதில் இருப்பது நைட்ரைட். விளைவு அதேதான். மாத்திரை போட்டிருந்தால் குப்பி நீட்டப்படும்போது மறுத்துவிடுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்து மருத்துவமனைக்குப் போனால் என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமும், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தேவையான தகவல். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் போன்றவை, எச்.ஐ.வி. மருந்துகளில் ரிடோனாவிர் கலந்தவை எடுப்பவர்கள் அளவைக் கேட்டுத்தான் போட வேண்டும். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், காத்திருந்தால் திசு நிரந்தரமாகக் கெடும். உங்கள் மாத்திரையை அங்கே யாருக்கும் கொடுக்காதீர்கள். "மூலிகை" என்று விற்பவற்றை வாங்காதீர்கள், அவற்றில் பலவற்றில் அளவு தெரியாத சில்டெனாஃபில் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

மது ஓரிரு கோப்பை வெட்கத்தைக் குறைக்கும். அதற்கு மேல் நரம்புச் செய்தியை மந்தமாக்கி விறைப்பைத்தான் குறைக்கும். போதையில் இருப்பவரின் சம்மதம் சம்மதமும் ஆகாது. சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும், உறவுக்கு முன் ஒரு மணி நேரமாவது தவிர்க்கலாம். கோகெய்ன், மெத் போன்ற தூண்டிகள் ஆசையைக் கூட்டிக் குறியைச் சுருக்கும். அதை ஈடுகட்ட மாத்திரை போடுவது இதயத்தோடு விளையாட்டு.

சீக்கிரம் விந்து வந்துவிடுமோ என்று போவதற்கு முன் சுய இன்பம் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விறைப்பில் சிக்கல் உள்ளவர்களுக்கு இது எதிரான யோசனை. ஒருமுறை விந்து வந்த பிறகு அடுத்த விறைப்புக்கு இளைஞருக்குச் சில நிமிடங்களே போதும், வயது ஏற ஏற அது மணிக் கணக்காகும், ஒரு நாளும் ஆகும். அன்று முடித்துவிட்டால் முடித்ததுதான், அதன் பிறகு எழவில்லை என்பது இயல்பு. இதற்கு நேர்மாறாக, விறைப்பு நன்றாக இருந்தும் விந்து வராமலே போவதும் கூட்டத்தில் சகஜம். முடிப்பதைத் தனியாகத் துணையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து, படிப்படியாகப் பழகி, நாலைந்து சந்திப்புக்குப் பிறகும் உடம்பு ஒப்பவில்லை என்றால் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டியிருக்கிறது: இது உங்களுக்கு வேண்டுமா, அல்லது துணைக்காகவா, அல்லது கற்பனையில் மட்டும் இனித்ததா? கற்பனையில் கிளர்ச்சி தருவதெல்லாம் நேரில் வேண்டும் என்று சட்டமில்லை. விறைப்பு இல்லை என்றாலே மனம் மறுக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், ஆசை இருந்தும் உடம்பு தடுமாறுவது எப்படி என்றுதான் இவ்வளவு நேரம் எழுதினேன். ஒரு வித்தியாசம் பாருங்கள். அடுத்த சந்திப்பு ரத்தானது என்று தகவல் வந்தால் முதலில் தோன்றுவது ஏமாற்றமா, நிம்மதியா? நிம்மதி என்றால் துணையிடம் அதைச் சொல்லுங்கள். ஏமாற்றம் என்றால் பாலியல் சிகிச்சை தெரிந்த மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ இருவரும் சேர்ந்து பாருங்கள். "எனக்கு இந்தச் சூழலில் மட்டும் வருவதில்லை, காலையில் வருகிறது, மாத்திரை இத்தனை மி.கி. போட்டுப் பார்த்தேன்" என்று இதே வரிசையில் சொன்னால் முதல் சந்திப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிடலாம்.